ஃபங்ஷனை டேட்டா டைப்புக்குள் வைப்பது எப்படி: கொழுந்துக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்

ஃபங்ஷனல் புரோகிராமிங் படிக்கத் தொடங்குகிறவர்கள் மேப் (லிஸ்டில் ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் பொறுக்குவது) வரைக்கும் சுலபமாக வந்துவிடுகிறார்கள். ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். ஆனால் அதே ஃபங்ஷனைப் பெயர், வயது, எடை மாதிரி ஒரு டேட்டா டைப்பின் ஃபீல்டாக உள்ளே வைத்து, பிறகு தேவைப்படும்போது எடுத்து ஓட்டலாம் என்றால் நிறையப் பேர் தயங்குகிறார்கள். டேட்டா என்றால் எண்ணும் எழுத்தும்தானே, ஃபங்ஷன் எப்படி அதற்குள் போகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான், 5 ஒரு மதிப்பு என்பது போலவே. 5ஐ லிஸ்டில் போடலாம், ரெக்கோர்டில், அதாவது பெயரிட்ட ஃபீல்டுகளின் தொகுப்பில், போடலாம், ஒரு ஃபங்ஷனின் விடையாகத் திருப்பி அனுப்பலாம் என்றால் ஃபங்ஷனையும் அப்படியே செய்யலாம். இப்படி எந்தத் தடையும் இல்லாமல் நடமாடும் மதிப்புகளை முதல்தர மதிப்புகள் என்று சொல்வார்கள். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967இல் கொடுத்த விரிவுரைகளில் முதல்தரம், இரண்டாம்தரம் என்று பிரித்துப் பேசியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஹாஸ்கெல், எல்ம், ஓகேமல், எஃப் ஷார்ப் என்ற ஃபங்ஷனல் மொழிகள் எல்லாவற்றிலும் ஃபங்ஷன் முதல்தரம்தான். உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுத்தவர்களுக்குத் தெரிந்த பைதனிலும் அப்படித்தான், அங்கே அதை யாரும் அழுத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

தொடங்குமுன் ஒரு விஷயம். கீழே வரும் வரிகள் ஹாஸ்கெல்லின் அமைப்பில் இருக்கின்றன, ஆனால் வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். இதை அப்படியே தட்டச்சு செய்தால் ஓடாது. "வகை", "எனில்" போன்றவற்றுக்கு அந்தந்த மொழியின் சொல்லைப் போட வேண்டும். அதுபோக, ஹாஸ்கெல்லில் டைப்பின் பெயரும் கன்ஸ்ட்ரக்டரின் (அந்த டைப்பில் மதிப்பை உருவாக்குவது) பெயரும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும், தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, ஆகவே அந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை. கம்பியூட்டரில் இன்ஸ்டோல் பண்ண இடம் இல்லாதவர்கள் பிரவுசரிலேயே ஹாஸ்கெல் பிளேகிரவுண்டைத் திறந்து ஓட்டிப் பார்க்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், பறித்த கொழுந்தை நிறுத்த பிறகு அன்றைய கூலி எவ்வளவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம், முறைக்கு முறை மாறும். ஒரு இடத்தில் பேர் முறை. பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. நோம், அதாவது அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ, எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிக கிலோவுக்குத் தனிக் காசு. இன்னொரு நாள் கைக்காசு, அதாவது பேர் கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும். இன்னொரு இடத்தில் மலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கொழுந்தை விலைக்கு எடுத்து, உரம் மருந்துச் செலவைக் கழிப்பார்கள். இதற்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் தொடக்கத்தில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

கூலிபார் முறை கிலோ =
  முறை == "பேர்" எனில் ...
  இல்லையெனில், முறை == "கைக்காசு" எனில் ...
  இல்லையெனில், முறை == "விலை" எனில் ...
  இல்லையெனில் 0

இது ஓடும். ஆனால் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். யாராவது "கைகாசு" என்று ஓர் எழுத்து குறைத்து எழுதிவிட்டால் புரோகிராம் சத்தமே போடாமல் ஒருவருடைய நாள் கூலியைப் பூச்சியம் ஆக்கிவிடும். கூலிக் கணக்கில் இப்படி நடக்கவே கூடாது. புது முறை ஒன்று வந்தாலும் இந்த ஒரே ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பப் பிரித்து மேய வேண்டும்.

இப்போது வேறு மாதிரி யோசிப்போம். முறையின் பெயரை வைத்துக்கொண்டு விதியைத் தேடுவதற்குப் பதிலாக, விதியையே முறையோடு சேர்த்து வைத்துவிட்டால் என்ன?

வகை சம்பளவிதி = சம்பளவிதி
  { பெயர் :: சொல்
  , கூலி :: கிலோ -> ரூபா
  }

இவ்வளவுதான். "::" குறிக்கு வலப்பக்கம் இருப்பது அந்த ஃபீல்டின் டைப். இரண்டாவது ஃபீல்டைக் கவனியுங்கள். பெயர் என்ற ஃபீல்டில் ஒரு சொல் இருக்கிறது, கூலி என்ற ஃபீல்டில் "கிலோ -> ரூபா" இருக்கிறது, அதாவது ஒரு கிலோவை வாங்கி ஒரு ரூபாவைத் தருகிற ஏதோ ஒரு ஃபங்ஷன். எந்த ஃபங்ஷன் என்று டைப் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. பெயர் ஃபீல்டில் எந்தச் சொல் வரும் என்றும் அது சொல்லவில்லைதானே. கிலோ, ரூபா இரண்டையும் இப்போதைக்குத் தசம எண்ணுக்கு நாம் வைத்த மாற்றுப் பெயர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்த டைப்பில் மதிப்புகளை உருவாக்க வேண்டும். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், விஷயமே இதில்தான் இருக்கிறது.

முதலில் பேர் முறைக்கு ஒரு சாதாரண ஃபங்ஷன்:

பேர்க்கணக்கு நோம் நாட்கூலி மேலதிகம் கிலோ =
  கிலோ < நோம் எனில் நாட்கூலி / 2
  இல்லையெனில் நாட்கூலி + (கிலோ - நோம்) * மேலதிகம்

இது நான்கு எண்களைக் கேட்கிறது. ஆனால் நம் ஃபீல்ட் கேட்பது ஒரேயொரு எண்ணை, கிலோவை மட்டும். அப்படியென்றால் பொருந்தாதே என்று தோன்றும். பொருந்தும், முதல் மூன்றை இப்போதே கொடுத்துவிட்டு நாலாவதை விட்டுவிட்டால்:

பேர்முறை = சம்பளவிதி
  { பெயர் = "பேர் முறை"
  , கூலி = பேர்க்கணக்கு 20 1000 50
  }

"பேர்க்கணக்கு 20 1000 50" என்பது இன்னும் விடை இல்லை, கிலோவுக்காகக் காத்திருக்கும் ஒரு ஃபங்ஷன். அதன் டைப் சரியாக "கிலோ -> ரூபா". இப்படிப் பாதி கொடுத்து மீதியை விட்டுவைப்பதற்குப் பார்ஷியல் அப்ளிகேஷன் என்று பெயர். ஹாஸ்கெல், எல்ம், ஓகேமல், எஃப் ஷார்ப் நான்கிலும் இது தனியாக எதுவும் எழுதாமலே நடக்கும், பைதனில் அதற்கென்று தனியாக எழுத வேண்டும், உதாரணமாக லாம்டா (பெயர் வைக்காத ஃபங்ஷன்) ஒன்றைப் போட்டுச் சுற்றலாம். (எண்கள் எல்லாம் கணக்குக்கு வசதியாகப் போட்டவை. 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வந்தது, அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. கூடினால் இங்கே ஓர் எண்ணை மாற்றினால் போதும், விதியைத் தொட வேண்டியதில்லை.)

மற்ற இரண்டையும் லாம்டாவால் அந்த இடத்திலேயே எழுதிவிடலாம், "\" குறிதான் லாம்டாவின் தொடக்கம்:

கைக்காசு = சம்பளவிதி
  { பெயர் = "கைக்காசு"
  , கூலி = \கிலோ -> கிலோ * 40
  }

விலைமுறை விலை செலவு = சம்பளவிதி
  { பெயர் = "விலை முறை"
  , கூலி = \கிலோ -> கிலோ * விலை - செலவு
  }

மூன்றாவதைப் பாருங்கள், அது ஒரு மதிப்பு இல்லை, விலையையும் செலவையும் கொடுத்தால் ஒரு சம்பளவிதியைச் செய்து தரும் ஃபங்ஷன். "விலைமுறை 100 600" என்று எழுதினால் அந்த 100, 600 இரண்டும் உள்ளே இருக்கும் லாம்டாவோடு ஒட்டிக்கொள்ளும். ரெக்கோர்டை எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும். ஃபங்ஷனும் அது பிறந்த இடத்தில் தெரிந்த மதிப்புகளும் சேர்ந்த இந்தக் கட்டுக்குக் குளோஷர் என்று பெயர், பீட்டர் லாண்டின் 1964இல் வைத்த பெயர் அது.

பேர் முறைக்கு மூன்று எண் வேண்டும், கைக்காசுக்கு ஒன்று, விலை முறைக்கு இரண்டு. எண்களை மட்டும் ரெக்கோர்டில் வைக்கப் போனால் மூன்றையும் ஒரே வடிவத்தில் அடக்க முடியாமல், பாதி ஃபீல்டுகள் காலியாகக் கிடக்கும். ஆனால் அந்த எண்களை ஃபங்ஷனுக்குள் அடைத்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுதான்: கிலோவைக் கொடு, ரூபாவைத் தருகிறேன். ஃபங்ஷனை டேட்டா டைப்புக்குள் வைப்பதன் பலம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இனி எடுத்து ஓட்டுவது. ஹாஸ்கெல்லில் ஃபீல்டின் பெயரே ஒரு ஃபங்ஷன். ரெக்கோர்டைக் கொடுத்தால் உள்ளே இருப்பதைத் தரும். ஆகவே "கூலி பேர்முறை" என்றால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன் கையில் வந்துவிடும், அதற்குப் பக்கத்தில் கிலோவை எழுதினால் முடிந்தது:

கூலி பேர்முறை 26
கூலி கைக்காசு 26
கூலி (விலைமுறை 100 600) 26

முதலாவது 1300 (1000, அதோடு 6 கிலோவுக்கு 300), இரண்டாவது 1040, மூன்றாவது 2000. பேர்முறைக்கு 18 கிலோவைக் கொடுத்தால் 500, அரைப்பேர்.

தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இந்த அடைப்புக்குறிகள். "கூலி பேர்முறை 26" என்பதை ஹாஸ்கெல் "(கூலி பேர்முறை) 26" என்று இடப்பக்கத்திலிருந்து வாசிக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். "கூலி (பேர்முறை 26)" என்று எழுதினால் பேர்முறையை ஃபங்ஷனாக நினைத்து 26ஐக் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள், அது ரெக்கோர்டு, ஆகவே கம்பைலர் விடாது. எல்ம், ஓகேமல், எஃப் ஷார்ப் மூன்றிலும் புள்ளி வைத்து "பேர்முறை.கூலி" என்று எடுத்து, பக்கத்தில் 26. பைதனில் இதற்கு நேர்மாறான ஒரு பிழை வரும்: உள்ளே வைக்கும்போதே அடைப்புக்குறி போட்டு ஃபங்ஷனை அழைத்துவிடுவார்கள், அப்போது ஃபீல்டுக்குள் போவது விடைதான், ஃபங்ஷன் இல்லை. வைக்கும்போது பெயரை மட்டும் எழுதுங்கள், ஓட்டும்போதுதான் அடைப்புக்குறி.

விதிகள் மதிப்பாகிவிட்டதால் லிஸ்டில் போடலாம். ஒரே 26 கிலோவுக்கு எந்த முறையில் எவ்வளவு கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால்:

விதிகள் = [பேர்முறை, கைக்காசு, விலைமுறை 100 600]

மேப் (\வி -> (பெயர் வி, கூலி வி 26)) விதிகள்

புது முறை வந்தால் லிஸ்டில் ஒன்று கூடும், வேறு எதையும் தொட வேண்டாம். ஒரே நிபந்தனை, லிஸ்டில் இருக்கும் எல்லாமே ஒரே டைப்பாக இருக்க வேண்டும். கிலோவோடு சேர்த்து நாளையும் கேட்கிற விதி ஒன்று உங்களிடம் இருந்தால் அது இந்த லிஸ்டுக்குள் வராது. அந்த நேரத்தில் கூலி ஃபீல்டின் டைப்பையே "நாள் -> கிலோ -> ரூபா" என்று விரித்துவிடுங்கள், நாள் தேவைப்படாத விதிகள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ரெக்கோர்டுதான் வேண்டும் என்றில்லை. ஒரேயொரு ஃபங்ஷனை மட்டும் சுற்றி ஒரு டைப் செய்வதும் அடிக்கடி வரும், ஹாஸ்கெல்லில் அதற்கு நியூடைப் போடுவார்கள். எதற்கு இப்படி ஒரு தாளைச் சுற்ற வேண்டும் என்று கேட்டால், பெயர் கிடைக்கிறது, அந்தப் பெயருக்கென்று தனிச் செயல்களும் எழுதலாம். மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கென்று ஒரு கழிவு, ஈரக் கொழுந்துக்கென்று இன்னொரு கழிவு போடுவார்கள் அல்லவா, அதை எடுத்துக்கொள்வோம்:

நியூடைப் கழிவு = கழிவு (கிலோ -> கிலோ)

சாக்கு = கழிவு (\கி -> கி - 2)
ஈரம் = கழிவு (\கி -> கி * 0.9)

பிறகு (கழிவு முதல்) (கழிவு அடுத்தது) =
  கழிவு (\கி -> அடுத்தது (முதல் கி))

கடைசி இரண்டு வரிகள் இரண்டு கழிவுகளைச் சேர்த்து ஒரே கழிவாக்குகின்றன. இடப்பக்கத்தில் "(கழிவு முதல்)" என்று எழுதியது பேட்டர்ன் மேட்சிங், தாளைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபங்ஷனை எடுப்பது. வலப்பக்கத்தில் புது ஃபங்ஷன் ஒன்றைச் செய்து திரும்பச் சுற்றுவது. இந்தப் பிரி, செய், சுற்று என்ற வேலையைக் கை பழகும்வரை எழுதிப் பாருங்கள், பிற்பாடு பார்சர், ஸ்டேட் என்று வரும் பெரிய விஷயங்கள் எல்லாம் உள்ளே இதே அமைப்பில் ஃபங்ஷனைச் சுற்றி வைத்த டைப்புகள்தான்.

வரிசை முக்கியம் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். 30 கிலோவுக்கு முதலில் சாக்கைக் கழித்துப் பிறகு ஈரத்தைக் கழித்தால் 28, அதில் பத்திலொன்று போக 25.2 கிலோ. முதலில் ஈரம், பிறகு சாக்கு என்றால் 27, அதில் 2 போக 25 கிலோ. பேர் முறையில் முதலாவதற்கு 1260 ரூபா, இரண்டாவதற்கு 1250. அந்த 10 ரூபா வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "பிறகு சாக்கு ஈரம்", "பிறகு ஈரம் சாக்கு" என்ற இரண்டு வரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடலாம். கணக்கு ஒரு பெரிய ஃபங்ஷனுக்குள் புதைந்து கிடந்தால் இது யாருக்கும் தெரிய வராது.

இனி, முடியாதவை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும்.

சம்பளவிதியைத் திரையில் அச்சிட்டுப் பார்க்க நினைத்து, ஹாஸ்கெல்லில் டைப்பின் கீழே வழக்கம்போல் "டெரைவிங் ஷோ" (deriving Show) என்று போடுவீர்கள். "கிலோ -> ரூபா" என்பதற்கு ஷோ இன்ஸ்டன்ஸ், அதாவது அதை எழுத்தாக்கிக் காட்டும் வழி, இல்லை என்று கம்பைலர் மறுக்கும். ஃபங்ஷனைக் கம்பைல் பண்ணிய பிறகு அதன் எழுத்து வடிவம் கையில் இருப்பதில்லை, எதை அச்சிடுவது? இரண்டு விதிகள் ஒன்றா என்று ஒப்பிடவும் முடியாது. இரண்டு ஃபங்ஷன்கள் எல்லா உள்ளீட்டுக்கும் ஒரே விடையைத் தருகின்றனவா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்கும் வழியே கிடையாது, அது எந்த மொழியின் குறையும் இல்லை, கணிதத்திலேயே நிரூபிக்கப்பட்ட எல்லை. மொழிகள் இதை வேறு வேறு விதமாகக் கையாளுகின்றன: ஹாஸ்கெல்லும் எஃப் ஷார்ப்பும் கம்பைல் பண்ணும்போதே நிறுத்திவிடும், ஓகேமலில் ஓடும்போது எக்செப்ஷன் வரும், எல்மிலும் ஃபங்ஷன்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஓடும்போதுதான் விழும். கம்பைல் பண்ணும்போதே பிடிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து, சம்பளம் போடும் நாளில் தெரிய வருவதைவிட எவ்வளவோ மேல்.

அதனால்தான் பெயர் என்ற ஃபீல்டைத் தொடக்கத்திலேயே வைத்தேன். அச்சிட வேண்டுமென்றால் பெயரை அச்சிடுங்கள், ஒப்பிட வேண்டுமென்றால் பெயரை ஒப்பிடுங்கள்.

ஃபைலில் சேமிப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது இதைவிடப் பெரிய சிக்கல். ஜேசன் (JSON) என்ற டேட்டா எழுதும் வடிவத்துக்குள் ஃபங்ஷனைப் போட முடியாது. அங்கே ஃபங்ஷனை எடுத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தை மட்டும் டேட்டாவாக வைக்க வேண்டும்:

வகை விதிவடிவம்
  = பேர்வடிவம் கிலோ ரூபா ரூபா
  | கைக்காசுவடிவம் ரூபா
  | விலைவடிவம் ரூபா ரூபா

விதியாக்கு :: விதிவடிவம் -> (கிலோ -> ரூபா)
விதியாக்கு (பேர்வடிவம் நோ நா மே) = பேர்க்கணக்கு நோ நா மே
விதியாக்கு (கைக்காசுவடிவம் வீதம்) = \கி -> கி * வீதம்
விதியாக்கு (விலைவடிவம் வி செ) = \கி -> கி * வி - செ

ஃபங்ஷன் இருந்த இடத்தில் இப்படி வெறும் டேட்டாவை வைத்து, அதை ஓட்ட ஒரு ஃபங்ஷனைத் தனியாக எழுதும் உத்திக்கு டிஃபங்ஷனலைசேஷன் என்று பெயர், ஜோன் ரெனோல்ட்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இதை அச்சிடலாம், ஒப்பிடலாம், சேமிக்கலாம். பதிலுக்கு ஒன்றை இழக்கிறீர்கள்: புது விதி வரும்போது கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும், விதியாக்குவில் வரி ஒன்றையும் கூட்ட வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் தன் விதியைக் கொண்டுவந்து செருக முடியாது.

எதை எடுப்பது? விதிகள் எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருந்து, அவற்றைச் சேமிக்கவும் காட்டவும் வேண்டியிருந்தால் இரண்டாவது வழி. விதிகள் எத்தனை வரும் என்றே தெரியாமல், ஓட்டுவது மட்டும்தான் வேலை என்றால் ஃபங்ஷனையே வையுங்கள். உண்மையான புரோகிராமில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்: ஃபைலில் விதிவடிவம், அதை வாசித்த உடனேயே விதியாக்குவால் ஃபங்ஷனாக்கி ரெக்கோர்டுக்குள் வைத்து, அதன்பிறகு எல்லாக் கணக்கும் ஃபங்ஷனோடு.

கடைசியாக ஒன்றைச் செய்து பாருங்கள். எந்த விதியை எடுத்தாலும் அதன்மேல் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வருகைக் கொடுப்பனவைக் கூட்டித் தருகிற ஃபங்ஷன், அதாவது விதியை வாங்கி விதியைத் தருவது:

கொடுப்பனவோடு தொகை பழையது = பழையது
  { பெயர் = பெயர் பழையது ++ " + கொடுப்பனவு"
  , கூலி = \கி -> கூலி பழையது கி + தொகை
  }

"கூலி (கொடுப்பனவோடு 100 பேர்முறை) 26" என்று ஓட்டினால் 1400 வரும், பேர்முறை அப்படியே இருக்கும், அதை ஓட்டினால் இன்னும் 1300தான். லாம்டாவுக்குள் "பழையது" என்றே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். புது ரெக்கோர்டுக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரையே உள்ளே எழுதிவிட்டால், புதுக் கூலி தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். டைப் சரியாக இருப்பதால் கம்பைலரும் ஒன்றும் சொல்லாது. புரோகிராம் விடை தராமல் அப்படியே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.